ஐம்பதின் மேல் ஐம்பது

ஜெய்புன்னிசாவுக்குக் கோபம் வரக் காரணம் தேவைப்பட்டதில்லை. முதலில் கோபம் வரும். காரணத்தைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்வார். ஆலங்காயத்தில், வாணியம்பாடி போகிற சாலையோரம், கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடை அவருடையது. பொம்பளை ஒட்டினால் குமிழி நிற்கும் என்று கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடியவர்கள் மூக்கு வலித்துத் திரும்பியிருக்கிறார்கள். கடை வைப்பதற்கு முன் பதினொரு வருடம் தோல் கம்பெனியில் வேலை. பதனிட்ட தோலை நல்ல வெளிச்சத்தில் விரித்து, ஊசிமுனைக் குறையையும் கண்டுபிடித்து ஒதுக்குவார். கம்பெனியை மூடினார்கள். வெளிச்சத்தை வைத்துப் பிழைத்தவர் வெளிச்சத்தை மறைத்துப் பிழைக்க வந்தார். இந்த முரணை யாராவது சுட்டிக்காட்டினால் அதற்கும் கோபம் வரும்.

கடை நேர்மையான கடை. பக்கக் கண்ணாடி வழியே பாதி வெளிச்சமாவது உள்ளே போக வேண்டும் என்பது விதி. ஆகவே ‘ஐம்பது’ என்று அச்சிட்ட சுருளைத் தவிர வேறொன்றை அவர் கடைக்குள் விடுவதில்லை. பில்லிலும் ஐம்பதுதான். போலீஸ் வந்தால் சுருளை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவார். இவ்வளவு நேர்மையான கடைக்குக் கூட்டம் எப்படி வந்தது என்றால், கேட்டவர்களுக்கு அந்த ஐம்பதின் மேல் இன்னொரு ஐம்பதை ஒட்டிக் கொடுப்பார். இரண்டு யோக்கியர்கள் சேர்ந்து ஒரு அயோக்கியன் ஆவது கூட்டணிகளில் மட்டும் நடப்பதல்ல.

ரஞ்சித் மலைமேல் நிலம் வாங்கி விற்பவன். வெள்ளைக் கார் எடுத்த அன்று ஒரு ஐம்பது ஒட்டிக்கொண்டு போனான். பத்து நாளில் திரும்பி வந்தான்.

“அக்கா, உள்ள இருக்கறவன் வெளிய தெரியவே கூடாது.”

“ஏன், இன்னா தப்பு பண்ணிட்டு வர்றே?”

“நீங்களே பர்தா போட்டுக்கினு என்னைக் கேக்கறீங்களே!”

“என் பர்தாவுல கண்ணுக்கு எடம் வுட்டிருக்கு. நீ கேக்கறது கண்ணைக் கட்டறதுக்கு. போய்ட்டு வேற கடையைப் பாரு.”

திட்டினார். திட்டிக்கொண்டே ஒட்டினார். நான்கு கதவிலும் இரண்டாவது ஐம்பது ஏறியது.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் தூறல். காவலூர் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், ரஞ்சித் காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தான். மேலூர்ப் பக்கத்து விவசாயி வீரன், மொபெட்டில் ஒரு மூட்டை சாமையோடு ஏறிக்கொண்டிருந்தார். அந்த மலையில் வளைவுகளில் யாரும் ஹாரனை நம்புவதில்லை. எல்லோரும் அடிப்பதால் அதற்கு மதிப்பில்லை. எதிரே வருபவன் முகத்தைப் பார்ப்பார்கள். தலையசைத்தால் நீ வா. உள்ளங்கையைக் காட்டினால் நீ இரு. அவ்வளவுதான் அங்கே போக்குவரத்து விதி. கார் வளைவில் பக்கவாட்டாகத் திரும்பி ஒரு கணம் தயங்கி நின்றது. வீரன் ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்தார். அதில் வானமும் மரமும் தெரிந்தன. நின்ற கார் வழிவிட்ட கார் என்று எடுத்துக்கொண்டு ஏறினார். காரும் கிளம்பியது. வீரனுக்கு வலது காலில் இரண்டு முறிவு.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ரஞ்சித் கடைக்கு வந்தான்.

“அக்கா, பிளேடு எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வாங்க. காரு அங்கதான் நிக்குது. ரெண்டு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள உரிச்சுடணும். உள்ள பேசிட்டேன்.”

“எதுக்கு உரிக்கணும்? ஒட்டும்போது அழகா இருந்துச்சே.”

“என் மேல தப்பே இல்லக்கா. நான் இருன்னு கை காட்னேன். இப்டி, நல்லா விரிச்சு. அந்தாளு மதிக்காம வந்து வுழுந்தான்.”

ஜெய்புன்னிசா நிமிர்ந்தார். “கண்ணாடியை எறக்கிட்டா காட்னே?”

“மழைக்கா. ஏசி வேற ஓடுது.”

“அப்ப யாருக்குடா காட்னே? டேஷ்போர்டுக்கா?”

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே காட்டியிருக்கிறான், தன் கையை ஒருவன் மதிக்கவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்படுகிறான். பொய்யனைத் திட்டுவது எளிது. இவனை எங்கிருந்து திட்ட ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

“ஃபிலிம் இருந்தா உங்க பேரும் வரும் அக்கா. பில்லு என்கிட்ட கீது. கடையை இழுத்து மூடிடுவாங்க. ஃபிலிம் இல்லன்னா அவன் குறுக்க வந்தான்னு கேஸ் முடிஞ்சுடும்.”

அதாவது வீரனுக்கு நஷ்டஈடு என்று ஒரு பைசா வராது. ஜெய்புன்னிசாவின் கடை நிற்கும். கணக்கு சுத்தமாக இருந்தது. அவர் பிளேடையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கார் நின்றது. “சீக்கிரம்மா,” என்று ரைட்டர் வாசலிலிருந்தே சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜெய்புன்னிசா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒரு முழம் தள்ளி வெளியே ரஞ்சித். உள்ளங்கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார். ஒன்றுமில்லை. இரண்டு கையையும் ஆட்டினார். பிறகு, சிறுபிள்ளையில் கேட்டு இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒரு உருது வசவை வாயசைத்துச் சொன்னார். ரஞ்சித் அவரையே பார்த்தபடி, தன் தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டான்.

பிளேடு உறைக்குள்ளேயே இருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கி, காரில் சாய்ந்து நின்றார்.

“இன்னாக்கா, ஆரம்பிக்கலையா?”

“இன்ஸ்பெக்டர் வரட்டும்.”

ரஞ்சித் கெஞ்சினான், மிரட்டினான், யாருக்கோ போன் போட்டான். ரைட்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஜெய்புன்னிசா நகரவில்லை. பிரேக் ஆய்வாளர் வந்து கதவுக் கண்ணாடியில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்தார். நூற்றுக்குப் பதினெட்டு.

“ரெண்டும் ஐம்பதுதான் சார். கவர்மென்டு சொன்ன ஐம்பது,” என்றார் ஜெய்புன்னிசா. பழக்கதோஷம்.

“பாதியில பாதி எவ்ளோம்மா? கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைக் குடிச்சுடும். மேல ஒட்னதை மட்டும் எடுங்க, பாக்கலாம்.”

எடுத்தார். முப்பத்தாறு.

“ஒண்ணு ஒட்னாலே தப்பா?”

“தப்புதான்.”

ஒன்பது வருடமாகச் சுருளைப் போலீஸ் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். கோபம் வந்தது, அது போய் விழ வழக்கமான ஆட்கள் யாரையும் காணோம். அரசாங்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருக்கிறது. சுருளில் அச்சடித்தவனும் பொய் அச்சடிக்கவில்லை. கணக்குப் போடாதது அவர்தான். தன்மேல் கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் அந்தக் கோபம் ரைட்டரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

“எழுதுங்க. இவன் உரிக்கக் கூப்ட்டான், நானும் உரிக்கத்தான் வந்தேன், உரிக்கல. உள்ள ஒக்காந்து கை காட்னா வெளிய ஒண்ணும் தெரியாது. நானே காட்டிப் பாத்துட்டேன். அதையும் எழுதுங்க.”

“அக்கா, உங்க கடை போய்டும். புரியுதா?” என்றான் ரஞ்சித்.

“அந்தாளு கால் போய்டுச்சு. புரியுதா உனக்கு?”

ரைட்டர் எழுதினார். நல்ல மனிதர்தான், ஆய்வாளர் வருமுன் உரிக்க அவசரப்படுத்தியவரும் அவர்தான். பாவப்பட்டு ஒரு வரியைத் தாமாகச் சேர்த்து வாசித்துக் காட்டினார்: “மேற்படி இரண்டு ஃபிலிம்களையும் விவரம் தெரியாமல் ஒட்டிவிட்டேன்.”

“யாரு சொன்னா அப்படி?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா.”

“மொதல்ல ஒட்னது தெரியாம ஒட்னது. ரெண்டாவது தெரிஞ்சேதான் ஒட்னேன். அடிச்சுட்டு எழுதுங்க.”

ரைட்டர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். ரைட்டர் வரியை அடித்து, மேலே வேறு வரி எழுதி, காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஜெய்புன்னிசா முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, அடித்த இடத்திலும் ஒன்று, கீழே ஒன்றுமாக இரண்டு கையெழுத்துப் போட்டார்.