தார் போட்ட கட்டில்

மிஸ்ஸி யோகேஸ்வரிக்கு வாய் நீளம். சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் பிறந்தவர், இருபத்தாறு வருஷமாக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதி; தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். மண்டையில் அடிபட்ட பிள்ளைகளின் அப்பன்களைத் திட்டத்தான் அவருக்குச் சம்பளம் என்று பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. நான்கு வயது மகள் லோஷினியை ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால் நிற்கவைத்து ரொட்டி வாங்கப் போனேன். ஒரு கையில் போன். குழியைக் கண்டு பிரேக் பிடித்ததும் ரோட்டில் விழுந்தாள். இப்படி ஏற்றாதே என்று என் மனைவி தேன்மொழி நூறு முறை சொல்லியிருந்தாள். அதனால், "கட்டில்ல இருந்து விழுந்தேன்னு சொல்லணும், சரியா?" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துதான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

மருத்துவமனையிலும் அதே கட்டில் கதை. இளம் டாக்டர் நம்பிவிட்டார்.

"கட்டில் உயரம்தானே, நாலு மணி நேரம் வச்சுப் பாப்போம். சின்னப் பிள்ளைக்குச் சும்மா சி.டி. ஸ்கேன் எடுக்கக் கூடாது" என்றார்.

யோகேஸ்வரி லோஷினியின் முழங்கையைத் துடைத்தார். பஞ்சில் கறுப்பாகப் பொடிக்கல் வந்தது. பதிவுச் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். தேன்மொழியைப் பணம் கட்ட அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா காளிதாஸ், உன் வீட்டுக் கட்டிலுக்குத் தார் போட்டு வச்சிருக்கியா?"

"மிஸ்ஸி..."

"இங்க வர்ற எல்லாப் பிள்ளையும் கட்டில்ல இருந்துதான் விழுது லா. மோட்டார்ல இருந்து ஒண்ணுகூட விழுறதில்ல. பொண்டாட்டிக்குப் பயந்து பிள்ள மண்டையில விளையாடாத. எங்க விழுந்துச்சு?"

சொன்னேன். அவர் டாக்டரிடம் ஓடினார். பத்தே நிமிஷத்தில் ஸ்கேன். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு யோகேஸ்வரியே பக்கத்தில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டை ஓட்டுக்குக் கீழே மெல்லிய ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்றார்கள்.

தேன்மொழியிடம் நானே உண்மையைச் சொன்னேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எனக்கு முதுகைக் காட்டிப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை யோகேஸ்வரி வார்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

"லோஷினி."

"நேத்து என்ன ஆச்சு?"

பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தாள். வீங்கிய தலையோடு, "கட்டில்ல இருந்து விழுந்தேன், மிஸ்ஸி" என்றாள்.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்றார் யோகேஸ்வரி. "அப்பா சொல்லிக்கொடுத்தத மறக்கவே இல்ல."

அதற்குமேல் அந்த வாய் என்னைத் திட்டவில்லை. நான் பிள்ளையின் போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.