சீலிங் பூச்சும் என் கழுத்தும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எழுபதுகளின் தொடக்கத்தில் சேலையூரிலும் கிழக்குத் தாம்பரத்திலும் சீலிங் பூச்சு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். சுவரை எவனும் பூசிவிடுவான். தலைக்கு மேலே கலவையை அடித்து, அது கீழே விழாமல் ஒட்ட வைப்பதற்குத் தனிக் கை வேண்டும். அந்தக் கை எனக்கு இருந்தது. சும்மா சொல்லவில்லை, அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன, போய்ப் பாருங்கள்.

கை இருந்து என்ன, கழுத்து ஒத்துழைக்கவில்லை. கல்லூரி வாத்தியார் ஒருவருக்குச் சேலையூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஹால் சீலிங்கைப் பூச சாரத்தில் ஏறி அண்ணாந்தேன். வீடே ஒரு சுற்றுச் சுற்றியது. சவுக்குக் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சவரம் முடிந்ததும், கடைக்காரரிடம் வழக்கம்போல் கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி எடுக்கச் சொன்னேன். மடக், மடக். அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை சாரத்தில் மறுபடியும் அதே சுற்று.

யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அந்த வேலை வேறு மேஸ்திரி கைக்குப் போய்விடும். கூடவே என் பேரும் போய்விடும்.

கண்டுபிடித்தது, பத்து வருஷமாக என்னிடம் கலவை சுமந்த சித்தாள் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

"மேஸ்திரி, சொவுரு பூசச் சொல்லோ நீ நல்லாத்தான் கீற. மேல பாத்தா மட்டும் ஆடுற. நாலு நாளா பாத்துகினு கீறேன். அது இன்னா பித்தம், அண்ணாந்தா மட்டும் வருது? போய் டாக்டராண்ட காட்டு."

தாம்பரத்தில் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்து எலும்புகள் தேய்ந்து, ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருந்தன. மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் அந்த எலும்புகளில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் ஏறுகின்றனவாம். அண்ணாந்தால் என்று அவர் ஆரம்பிக்கும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"நசுங்குது, அவ்ளோதானே சார்? நாங்க தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற டியூபை எவனாச்சும் மிதிச்சா தண்ணி அந்தப் பக்கம் போவாது. அதே கதைதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் வருஷக்கணக்கா படிச்சதை ஒரே வரியில சொல்லிட்டீங்களே!" பிறகு, யாராவது கழுத்தைத் திருப்புகிறார்களா என்று கேட்டார்.

"வாராவாரம் சார். சவரத்தோட சேத்தி."

அவர் முகம் மாறிவிட்டது. "இனிமே அவர்கிட்ட முகத்தை மட்டும் குடுங்க, கழுத்தைக் குடுக்காதீங்க. அண்ணாந்து செய்யற வேலையும் கூடாது."

அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் கையை நீட்டினார். "அப்போ பூசுற கரணைய என்னாண்ட குடு."

"உனக்குப் பூச வருமாக்கா?"

"பத்து வருஷமா உன் கையைத்தானே பாத்துகினு கீறேன்? தலையில கலவைப் பாண்டு இருந்தா கண்ணு அவிஞ்சா போவும்?"

எங்கள் தொழிலில் பெண்கள் சுமப்பார்கள், பூசுவது ஆண்கள்தான். என் கழுத்து நன்றாக இருந்திருந்தால் நானும் கரணையைக் கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்தேன்.

வெளிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னாக்கா, சாரத்து மேல பொடவை ஏறுது?"

"சாரத்துக்கு இன்னாடா தெரியும், பொடவையா வேட்டியான்னு? நீ உன் சொவுத்தைப் பாரு, வவுறு தள்ளிக்கினு கீது!"

என்னால் மேலே பார்க்க முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீலிங் பூசுகிறவரின் கை எப்படி என்று தரையே சொல்லிவிடும். முதல் பாண்டில் கலவை கட்டி கட்டியாக விழுந்தது. "தண்ணி ஜாஸ்தி, கெட்டியா கலக்கச் சொல்லு" என்று அக்காவே மேலேயிருந்து சத்தம் போட்டார். அதற்கப்புறம் விழுந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு கைப்பிடி இருக்கும். நான் பூசினால்கூட அதைவிட அதிகம் விழும். இதை நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் சாரத்தைப் பிரித்ததும், சிமெண்டுச் சாக்கை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்தேன். அண்ணாந்து வேலை செய்யக் கூடாது என்றாரே தவிர, படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை.

"இன்னா மேஸ்திரி, வேலை நேரத்துல படுத்துக்கினே?"

"கம்முனு இரு அக்கா, பாக்குறேன்."

மூலைக்கு மூலை நேராக ஓடியது. ஓரிடத்தில்கூட மேடு இல்லை, பள்ளம் இல்லை. என் கை பூசியதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்தார். என்னைத் தாண்டி நடந்து, சீலிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அருமை மேஸ்திரி. மத்த ரூமெல்லாம் இதே கைதானே?"

எழுந்து சாக்கைத் தட்டினேன். "இதே கைதான் சார்" என்று அக்காவைக் காட்டினேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். "சரி, அவங்களே பூசட்டும்" என்றார்.

அக்கா தொட்டியில் என் கரணையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.