வெயில் பட்டதும் கறுத்த விரல்கள்

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகம் தெரியும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். காயத்துக்குப் போட நல்ல மருந்து கிடைக்காத நாட்கள். வேப்பிலையை அவித்த சாற்றில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விடுவோம். சாறு பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு மாறினால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துணிக்கைகள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். அவை பற்றீரியாவைக் கொல்லும். நஞ்சான வேறு இரசாயனம் எதுவும் வேண்டாம்.

என்னோடு வேலை செய்தவர் ஈச்சிலம்பற்றுக்காரர். என் வயதுதான், என் வாய்க்குப் பயந்து அக்கா என்பார். இடது கைச் சின்னவிரல் பாதிதான் இருந்தது, மீதி வள்ளக் கயிற்றோடு போயிருந்தது.

வெளிச்சம் பட்டால் வெள்ளி நைத்திரேற்று பழுதாகும் என்று ஜன்னல் முழுக்கக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தோம். கையில் பட்டால் வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். வெயிலுக்குள் போனபிறகுதான் கறுக்கும். கையுறைக்குத் தட்டுப்பாடு, மனிசன் வெறுங்கையால் அளைவார்.

“ஆமிச் சென்றியில கறுத்த விரலைக் கண்டா வெடிமருந்து எண்டு பிடிக்கமாட்டாங்களே? மண்டையில ஒண்டும் இல்லையே உங்களுக்கு?” என்று கத்துவேன்.

“மருதோண்டி எண்டு சொல்லுவன், அக்கா. அவங்களும் சிரிப்பாங்கள்.”

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஆளைக் காணவில்லை. போத்தல் உடைந்து கரைசல் நிலமெல்லாம் ஓடியிருந்தது. வாசல் காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவர் தானாத்தான் போனவர். போத்தலை உடைச்சதுக்கு நீங்கள் ஏசுவியள் எண்டு பயந்திருப்பார். கந்தளாய் பஸ்ஸில ஏறினதைக் கண்டனான்.”

என் வாயை அறிந்த எல்லோரும் நம்பினார்கள். பாழாய்ப்போன வாய், நானும் நம்பினேன். அறையைப் பூட்டிவிட்டார்கள்.

இடம்பெயர்ந்து வந்து டவுனில் தங்கியிருந்த அவருடைய அம்மாவால்தான் நம்ப ஏலவில்லை. நம்பாமலிருக்கவும் ஏலவில்லை. “ஒரு சொல்லுச் சொல்லாமல் போற பிள்ளையே அது? நான் என்ன பிழை விட்டனான்?” என்று வந்து வந்து கேட்பார். மகனைத் திட்டுவார், பிறகு தன்னைத் திட்டுவார்.

மகனுடைய சாமான்களை எடுக்கச் சொல்லி ஒருநாள் திறப்பைத் தந்தார்கள். அம்மாவும் நானும் உள்ளே போனோம். கரண்ட் நின்றுபோன சூட்டுப் பெட்டிக்குள் சோதனைத் தட்டு முழுக்கக் கிருமி பூத்திருந்தது. அவர் கடைசியாக வைத்த வெள்ளிச் சாற்றுத் துளியைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காத வட்டம். வெளிச்சமாவது வரட்டும் என்று கடதாசியைக் கிழித்தேன். வெள்ளைப் பெயின்ற் அடித்த கதவு நிலையில் வெயில் விழுந்தது.

நான் தட்டுகளை ஒதுக்கினேன். அம்மா மகனின் சேட்டு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இந்தக் கதவு நிலையில என்ன?”

சற்று முன் அங்கே ஒன்றுமில்லை. இப்போது மங்கலாக ஒரு பெருவிரல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பக்கத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து வந்தன, யாரோ அந்த நேரம்தான் அங்கே நின்று நிலையை இறுக்கிப் பிடிப்பது போல. ஐயோ, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்! விரல்களிலிருந்து வெளிப்பக்கமாகக் கோடுகள் இழுபட்டன. கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு கை. அதில் சின்னவிரல் பாதிதான்.

போத்தல் உடைந்த ஈரக்கையோடு அவரை இழுத்துப் போயிருக்கிறார்கள். விழுந்தபிறகும் விடாமல் பிடித்திருக்கிறார்.

அம்மா குளறி அழுவார் என்று நினைத்தேன். அவர் குந்தியிருந்து, கண்ணைத் துடைத்த ஈரக்கையை அந்தக் கையின் மேல் வைத்தார்.

“அப்ப, என்னை விட்டிட்டுப் போகேல்லை, என்ன?”

“இல்லையம்மா.”

“போகமாட்டன் எண்டுதான் பிடிச்சிருக்கிறான்.”

கனநேரம் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மகனைத் திட்டி நான் கேட்டதில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்தேன். சென்றியில் ஆமிக்காரன் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினான். விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

“என்ன இது?”

அம்மா என்னைப் பார்த்தார்.

“மருதோண்டி,” என்றேன்.

அவன் சிரித்தான்.