அண்ணனின் கைகளை விடுங்கள்

கல்லூரி நாட்களில் நான் வென்ற பேச்சுப்போட்டிகளில் நடுவர்கள் இருந்தார்கள். மணி அடித்தால் முடிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. விளாத்திகுளத்தில் ஒரு பரிசை வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்பிய பிற்பகலில் நான் செய்த வாதத்துக்கு இரண்டும் இல்லை.

மொபெட்டை ஓட்டியவன் என் அண்ணன். பிறவியிலேயே காது கேளாதவன். வீடுகளில் ஒட்டிய தீப்பெட்டிகளை ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது அவன் தொழில். அவனைப் போல் கண்ணை அகல விரித்துச் சாலையைப் பார்த்து ஓட்டியவர்களை நான் கண்டதில்லை. ஆயினும், காது கேளாதவனுக்கு உரிமம் கிடையாது என்று அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த நியாயத்தை அவன் ஏற்கவில்லை. நானும் ஏற்காமல்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் எல்லையில் விசில் கேட்டது. அவன் வலது தோளைத் தட்டினேன். நிறுத்து என்று எங்களுக்குள் பொருள். வண்டி சற்றுத் தள்ளிப் போய்த்தான் நின்றது. ஏட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, வழக்கம்போல் முதலில் சாவியைப் பிடுங்கக் குனிந்தார். காது கேட்காது என்று காட்ட அண்ணன் சட்டெனக் கையை உயர்த்தினான். புறங்கை பட்டுத் தொப்பி கரிசல் புழுதியில் விழுந்தது.

"போலீஸ் மேலயே கை ஓங்குதியாலே? ஸ்டேஷனுக்கு வா, கேஸ் எழுதுதேன்!"

ஏட்டு அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு வழக்கில் அவன் உள்ளே போனால், அவன் தரப்பைக் கேட்க அங்கே ஆளே இருக்காது.

சாலையோரம் நின்ற ஜீப்பிலிருந்து எஸ்.ஐ. இறங்கி வந்தார்.

"சார், அவன் கையை விடச் சொல்லுங்க. காது கேக்காதவன், கையாலதான் பேசுவான். வாயைப் பொத்திக்கிட்டு பதில் சொல்லுன்னா யாரால சொல்ல முடியும்?"

"என்னம்மா, மேடையில பேசுத மாதிரி பேசுதே?"

"மேடையில கை தட்டுவாங்க சார். இங்கன கையையல்லா பிடிச்சு வச்சிருக்கீங்க."

அவர் கண்ணைக் காட்டினார். ஏட்டு பிடியை விட்டார். "சரி, நடந்ததை நீயே சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன் சார். அவன் முகத்தைப் பாத்துக் கேளுங்க. அவன் சொல்லுததை அப்படியே சொல்லுதேன்."

அண்ணன் சொன்னான். தோளில் விழுந்த தட்டையும், ஏட்டு தொப்பை குலுங்க ஓடிவந்ததையும், காதைக் காட்ட உயர்த்திய கை தொப்பியில் பட்டதையும் நடித்தே காட்டினான். டீக்கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "லைசென்ஸ் இல்லாததுக்கு ஃபைன் கட்டிரு. தொப்பிக்கு ஏட்டையாகிட்ட ஒரு கும்பிடு போடச் சொல்லு, விட்டுருதேன்."

சொன்னேன். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்ன சொல்லுதான்?"

"மாட்டேங்குதான் சார்."

"நீ எடுத்துச் சொல்லேன். படிச்ச புள்ளதானே?"

"தப்பு செய்யாதவனைக் கும்பிட வைக்கதுக்கு நான் படிக்கல சார்."

ஏட்டு பல்லைக் கடித்தார். எஸ்.ஐ. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அபராத ரசீதை மட்டும் கிழித்து நீட்டினார்.

"போங்க. கோர்ட்டுக்குப் போனா நீங்க ரெண்டு பேரும் என்னையல்லா கூண்டுல ஏத்திருவீங்க."

அதையும் ஒரு சொல் குறையாமல் கையால் அண்ணனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஏட்டு நின்ற திசையைத் திரும்பிப் பாராமல் வண்டியைக் கிளப்பினான்.