ஒடுகத்தூர்க் கல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு

தாலுகா நிருபராகக் காலம் தள்ளியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: எழுதி ஒன்றும் நடக்காத வரை இந்தத் தொழில் சுகம், எழுதியபடி நடந்துவிட்டால்தான் கஷ்டம்.

மூன்று தப்படி

ஒடுகத்தூர்ப் பக்கம் முனுசாமியின் வேர்க்கடலைக் கொல்லையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. எந்தக் காலத்து மனிதர்கள் யாருக்காக நட்டதோ, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் மேஸ்திரி காதர் அதைப் பார்த்துவிட்டார். சுண்ணாம்புத் தொட்டிக்குக் கரை கட்ட நீளக் கல் வேண்டும். "சும்மா நிக்கிற கல்லுக்கு இன்னாத்துக்குப் பேஜார் பண்றே?" என்று கேட்டார். முனுசாமி கல்லைத் தர முடியாது என்று மட்டும் சொன்னார்.

காரணத்தை என்னிடம் வந்து சொன்னார். காலராவில் போன ஆறு வயது மகளை அந்தக் கல்லை அடையாளம் வைத்துத்தான் புதைத்திருந்தார். "கல்லுக்குக் கெழக்கே மூணு தப்படியில கீறாய்யா. கல்லு போய்ட்டா எங்கன்னு தேடுவேன்?"

நாலு துளை

எழுதினேன். மகளைப் பற்றிய வரிகளை ஆசிரியர் அடித்துவிட்டு, 'புராதனச் சின்னத்துக்கு ஆபத்து' என்று தலைப்புப் போட்டார். நமக்கு இது பழக்கம்தானே. ஆனால் ஆறு மாதத்தில் பட்டணத்து அதிகாரி ஒருவர் பாதுகாப்பு உத்தரவோடும் இரும்புப் பலகையோடும் வந்து இறங்கினார். பலகையைக் கல்லிலேயே பதிக்க வேண்டுமாம்.

கல் உடைக்கும் சின்னப்பன் உளியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, பாறையைப் பொளக்கறதுக்குத்தான் நாங்க இப்படி வரிசையா தொளை போட்டு முளை அடிப்போம்." அதிகாரி உத்தரவுத் தாளைக் காட்டினார். நாலாவது முளை இறங்கியதும் கல் குறுக்கே பிளந்து, மேல்பாதி செடிகள் மேல் விழுந்தது. அதிகாரி கேட்டார்: "பலகைக்கு ஒண்ணும் ஆகலையே?"

கீழ்ப்பாதி

பலகை பட்டணத்துக்கே திரும்பிப் போயிற்று. மண்ணில் கீழ்ப்பாதியாவது நிற்கிறதே என்று முனுசாமி மனசைத் தேற்றிக்கொண்டார். அவர் பள்ளிகொண்டாவுக்கு மாடு பார்க்கப் போயிருந்த நாளில், உடைந்த கல்லுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கர்ணம் எழுதிக் கொடுத்த சீட்டோடு காதர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பாதியையும் ஏற்றிக்கொண்டு, மாடு கால் தவறி விழக்கூடாது என்று குழியையும் மூடிவிட்டுப் போனார். பிறகு முனுசாமியின் மகளைப் பற்றி நான் சொன்னபோது காதர் முகம் வெளுத்தது. "இதைப் பேப்பர்ல போட்டிருக்கக் கூடாதா, தோஸ்த்?"

ஏர்

அதற்குள் இரண்டு மழை பெய்து கொல்லை முழுக்க ஒரே மாதிரி ஆகியிருந்தது. நான் போனபோது முனுசாமி மாடுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றிருந்தார். "எங்க மிதிக்கக் கூடாதுன்னு தெரியலய்யா. எப்படி ஏர் ஓட்றது?"

அந்த வருஷம் கொல்லை தரிசாகக் கிடந்தது பேப்பருக்கு ஏற்ற செய்திதான். எழுதினால் யாராவது உதவிக்கு வந்துவிடுவார்களோ என்று பயந்து அனுப்பவில்லை.