நொடிக்கு நூற்றிருபது படம்

டிவியைச் சுவரில் மாட்டுவது பாதி வேலைதான். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு, "சரி, ஓட்டிக் காட்டு" என்பாரே, அதுதான் மீதி. டிவியின் முதுகுக்குப் பின்னால் தலையை விட்டு, எந்த ஓட்டையில் எந்த வயர் என்று ஒருமுறையாவது தடவியிருந்தால் நீங்களும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. படப்பையில் ஒரு ஹோம் தியேட்டர் கடையில் வேலை. சுவரில் ஓட்டை போடவும் பெட்டி தூக்கவும் கூட வருபவர் தணிகாசலம் அண்ணன். இப்போது வரும் பெரிய டிவிகளில் நூற்றிருபது ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். திரை நொடிக்கு அத்தனை முறை மாறும். ஓடுகிற ஆளும் பறக்கிற பந்தும் இழுபடாமல் தெளிவாகத் தெரியும். ஆனால் படத்தை அனுப்பும் பெட்டி, நடுவில் வரும் வயர், டிவியில் செருகும் இடம் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் வேகம் பாதியாகிவிடும்.

பெட்டியில் இருக்கு, திரையில் இல்லை

பிள்ளைப்பாக்கம் முனுசாமி, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். புது வீட்டு ஹாலில் சுவரை அடைக்கிற மாதிரி டிவி வாங்கினார். மாட்டிவிட்டு, அவர் கேட்டபடி கேபிள் கனெக்‌ஷன் கொடுத்தேன். ஒரு பாட்டு முழுக்கப் பார்த்தவர், "இன்னாம்மா, அட்டப் பெட்டில நூத்தியிருவதுன்னு போட்டுகீது. பழைய டிவி மாரியேதான கீது? ஏமாத்துறியா?" என்றார். அக்கம்பக்கத்தார் வேறு வாசலில் நின்றிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. கேபிள் பெட்டி அனுப்புவது அதில் பாதிகூட இல்லை என்றேன், நம்பவில்லை. ஓட்டிக் காட்டுவதற்கென்றே நாங்கள் வண்டியில் வைத்திருக்கும் வீடியோ கேம் பெட்டியை எடுத்து வந்து, சரியான இடத்தில் செருகி, ஒரு கார் பந்தயத்தை ஓடவிட்டேன். ரோட்டோரப் புல்லெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. முனுசாமி எழுந்து நின்றுவிட்டார். வாசலில் நின்றவர்களுக்கு அவரே விளக்கம் சொன்னார்: "நம்ம வேன் நூறுல போவும்பா. ஒரகடம் ரோட்ல கண்டெய்னர் லாரி பின்னால மாட்டிக்கினா இன்னா பண்ணும்? அந்தக் கேபிளு பொட்டிதான் லாரி!"

பேச்சிமுத்துவின் பைனல்

இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேர் ஒரே ரூமில் இருந்தார்கள்; டிவி எங்கள் கடையில் வாங்கியது. அதில் பேச்சிமுத்து திருநெல்வேலிப் பக்கம். ரூமுக்கு ரூம் கார் பந்தய விளையாட்டுப் போட்டி வைத்து, இவர்கள் பைனலுக்கு வந்துவிட்டார்கள். பைனல் இவர்கள் ரூமில்தான், மதியச் சாப்பாடு முடிந்ததும். அன்று காலையில் பேச்சிமுத்து போன் செய்தார். "வளைவுல காரு ரெண்டாக் கிழியுதுக்கா. எல்லாரும் வரப் போறானுவ, மானம் போயிரும்."

போய் வயரை மாற்றினேன், கிழிசல் போகவில்லை. வேறு ஓட்டையில் செருகினேன், அப்படியேதான் இருந்தது. எதிராளிகள் வந்து பாயில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். தணிகா அண்ணன் காதருகே வந்து, "வேற டிவி எடுத்தாந்துரலாமா?" என்றார். டிவி மேல் தப்பில்லை என்று என் மனசு சொன்னது. வயர் எங்கே போகிறது என்று விரலாலேயே பிடித்துக்கொண்டு போனேன். கேம் பெட்டியிலிருந்து கிளம்பிய படம், நேராக டிவிக்குப் போகாமல், ஸ்பீக்கருக்கான பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்து வெளியே வந்தது. அதற்கு இந்த வேகம் தாங்காது. வயரைப் பிடுங்கி நேராக டிவியில் செருகினேன். சத்தத்தை மட்டும் டிவியிலிருந்து இன்னொரு வயரில் ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பினேன். செட்டிங்கில் நூற்றிருபதைப் போட்டேன். அடுத்த வளைவில் கார் முழுசாகத் திரும்பியது. ரூமே விசிலடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பேச்சிமுத்து கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டார். வாசல்வரை வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்: "தோத்ததுக்கு டிவி மேல பழி போட முடியாமப் பண்ணிட்டியளேக்கா!"

தேவி பார்க்காத படம்

சேரப்பணஞ்சேரி தேவி டிவி தயாரிக்கிற கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். லைன் கடைசியில் நின்று, திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வருவதில் புள்ளி, கோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முதல்முதலாகத் தன் வீட்டுக்கே ஒரு டிவி வாங்கியிருந்தாள். மாட்டியதும் பழக்க தோஷத்தில் நாலு மூலையையும் உற்றுப் பார்த்து, "ஓகே" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு.

கம்பெனி விளையாட்டு விழாவில் அவள் ஓடியதை லைன் தோழி ஒருத்தி புது போனில், அந்த நூற்றிருபது வேகத்திலேயே எடுத்திருந்தாள். பென் டிரைவில் இருந்த அதை வேகம் குறையாமல் ஓடவிட்டேன். சுவர் நிறைய தேவி ஓடினாள். பின்னல் தோளில் அடிப்பது, கால் பட்ட இடத்தில் மண் தெறிப்பது, முடிவுக் கயிற்றை நெஞ்சால் தொடுவது, எதுவும் கலங்கவில்லை. முதல் பரிசு அவளுக்குத்தான். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், என் கையைப் பிடித்தாள். "தெனம் வெறும் கலரத்தான்க்கா பாக்குறேன். அதுக்குள்ள நானே ஓடுவேன்னு நெனச்சுக்கூடப் பாத்ததில்ல."

இப்படி ஊரெல்லாம் படத்தைப் பறக்கவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனால், என் மாமியார் பார்க்கிற சீரியலில் ஒரே முகத்தை அசையாமல் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்; அதற்கு எந்த ஹெர்ட்ஸும் தேவையில்லை.