உளுந்து காய்ந்த ரோடு

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் மெக்கானிக் என்றார்கள். பொய்யில்லை. திருவிழாக் காலத்தில் அவர் செய்யும் இன்னொரு வேலையைத்தான் சொல்லவில்லை.

அதை அந்த வருஷ ஆடிப்பூரத்தில் நேரில் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பொருட்காட்சியில் பலகையால் கட்டிய மரணக் கிணற்றுக்குள், செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். மேலே நின்ற என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஏட்டி, ஏறுமுன்ன ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பாப்பேன். செயினு, டயரு, அம்புட்டையும் பாப்பேன். உள்ள எதுத்தாப்புல லாரி வருமா, ஆடு குறுக்க வருமா? எனக்கு ரோட்டுல போறதுதான் பயம்."

"ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பேச்சா எங்கூடக் குடும்பம் நடத்தும்?"

சண்டை போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்தேன். நாலாம் நாள் மாரியம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார், இனிக் கிணற்றில் இறங்குவதில்லை என்று. செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். திருவிழா மைக் சத்தம் கேட்டால் மட்டும் சோற்றில் கையை வைத்தபடி இருப்பார். நான் கவனிக்காத மாதிரி குழம்பு ஊற்றுவேன். ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், முகம் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஆறு வருஷம் போனது. என் பிறந்த ஊரான சோழபுரத்தில் அப்பா உளுந்து அறுத்திருந்தார், உதவிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். நானும் என் கையாலேயே அள்ளிப் பரப்பினேன், வளைவு வரைக்கும். அதில் ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக மொபெட்டில் வந்தார். வேகமாகக்கூட வரவில்லை. வளைவில் சக்கரம் உளுந்தில் வழுக்கியது. ரோட்டோரக் கல்லில் தலை மோதியது. இருபதடி தூரத்தில் நான் முறத்தோடு நின்றேன்.

சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். பழைய தொழில் விடாது என்றார் ஒருவர். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் பரப்பியதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒருவரோடாவது மனம்விட்டுப் பேசியிருப்பேன்.

பதினாறு கழிந்ததும் அப்பா அந்த உளுந்தைப் புடைத்து, ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பல மாசம் அதன் பக்கம் போகவில்லை. வண்டு விழ ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் மூட்டையைப் பிரித்து இட்லிக்கு ஒரு கைப்பிடி அள்ளினேன். இரண்டு பேருக்கு அள்ளிய பழக்கத்தில் கை இன்னொரு பிடியும் அள்ளிவிட்டது. அதைத் திரும்ப மூட்டைக்குள் போட்டேன்.